சிவப்புக் கட்டத்து மாத்திரை

உங்கள் அறையில் நல்ல காற்று வருகிறது, இன்ஸ்பெக்டர். என் கிளினிக்கில் ஜன்னலைத் திறந்தால் காற்று வராது, கீழ்த்தளத்து வெல்டிங் பட்டறையின் சத்தம்தான் வரும். முப்பது வருடமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் ஊரார் மனக்கவலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் இவ்வளவு அமைதி எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த ரெக்கார்டரை மட்டும் என் பக்கம் தள்ளி வையுங்கள். எனக்கு மெதுவாகப் பேசித்தான் பழக்கம்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. காலையில் உங்கள் உதவியாளர் வீட்டு வாசலில் வந்து நின்று, "சார், மாப்பிள்ளையோட ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்திருக்கு, ஒரு சின்ன சந்தேகம்" என்று இழுத்தார். பாவம், சின்ன வயது, பெரிய மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "என்ன மருந்து இருந்துச்சுன்னு நானே சொல்றேன், வாங்க போகலாம்" என்று சட்டையை மாற்றிக்கொண்டு நானாகத்தான் வண்டியில் ஏறினேன். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை.

முதலில் என் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் பிடிபடாது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் மருந்துச் சீட்டு எழுதிக் கடைக்கு அனுப்புவதில்லை. மாத்திரையை நானே மொத்தமாக வாங்கி, அட்டையிலிருந்து நானே உரித்து, பழுப்பு நிற பாட்டிலில் போட்டுக் கொடுப்பேன். பாட்டிலின் மேல் மருந்தின் பெயர் இருக்காது. ‘காலை’, ‘இரவு’, அவ்வளவுதான். பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, பக்கவிளைவு எல்லாம் பொடி எழுத்தில் போட்ட காகிதம், அது நேராகக் குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

காரணம் இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் படிப்பவனுக்கு அதில் உள்ளதெல்லாம் வந்துவிடும். தலைவலி என்று போட்டிருந்தால் தலை வலிக்கும், காதில் இரைச்சல் என்று போட்டிருந்தால் காது இரையும். நான் தொழில் தொடங்கிய புதிதில், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர், முறுக்கு மீசைக்காரர், காகிதமும் கையுமாக வந்தார். "கர்ப்பமா இருந்தா சாப்பிடக்கூடாதுன்னு போட்டிருக்கே டாக்டர், எனக்கு ஒண்ணும் ஆயிடாதே" என்று கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மனிதர்களுக்கு வருகிற நோயில் முக்கால்வாசி படித்ததால் வருவது. சொல்லாமல் கொடுத்தால் உடம்பு வாயை மூடிக்கொண்டு குணமாகும். என் வைத்தியமே அதுதான்.

நான் அதிகம் கொடுப்பது ஒரே ஒரு பழைய மாத்திரை. சின்னது, வெள்ளை, வட்டம். இப்போது வந்திருக்கிற பொடி டாக்டர்கள் அதன் பெயரைக் கேட்டாலே மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எழுந்திருக்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த எத்தனை பேரை அது எழுப்பி வேலைக்கு அனுப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இனி மாப்பிள்ளையைப் பற்றி. எனக்கு ஒரே மகள். குட்டி என்றுதான் கூப்பிடுவேன், இப்போது பள்ளியில் வேதியியல் டீச்சர். தாயில்லாத பெண் என்று கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். சின்ன வயதில் "எங்கப்பாவுக்குத் தெரியாததே கிடையாது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் நகராட்சி நீச்சல் குளத்துப் பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வேலை பார்க்கிறவர். எனக்கு உள்ளுக்குள் கசந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் தங்கம். என்னை வாய் நிறைய "மாமா" என்பார். பொய் சொல்லத் தெரியாது, எதிர்த்துப் பேசத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் நம்புவார்.

போன வருடம் குளத்தை மராமத்துக்காக மூடிவிட்டார்கள். டைல்ஸ் பெயர்ந்துவிட்டதாம். மூடினவர்கள் மூடினவர்கள்தான், திறக்கிற வழியாக இல்லை. வேலை இல்லாமல் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்தார், அப்புறம் படுத்தார், அப்புறம் பேச்சையும் நிறுத்திக்கொண்டார். "நாள் பூரா தண்ணியிலயே இருந்த மனுஷன், இப்ப குளிக்கக்கூட மாட்டேங்கிறார்ப்பா" என்று குட்டி வந்து அழுதாள். நான் என் பழுப்பு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

எழுந்து உட்கார்ந்தார். ஆனால் புகார் ஆரம்பித்துவிட்டது. நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம், எழுந்து நின்றால் கண்ணை இருட்டுகிறதாம். "நாடி பிடிச்சுப் பார்த்தா நடுவுல ஒண்ணு விட்டுப்போகுது மாமா" என்றார். நாடியை எண்ணுவது நீச்சல்காரர்களுக்குப் பழக்கம். எண்ணாமல் இருந்தால் விட்டுப்போவது தெரியப் போவதில்லை. "நாக்கு ஒட்டினா தண்ணி குடிங்க, நாடியை எண்ணாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

குட்டிக்கு அது போதவில்லை. பள்ளியில் யாரோ சொன்னார்கள் என்று அவரை அந்தப் பரிசோதனை மையத்துக்கு அழைத்துப் போனாள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், கண்ணாடிக் கதவு, சுவரில் தண்ணீர் வழிகிற அலங்காரம், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. வருகிறவனின் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் தேய்த்து மரபணுவைப் பார்க்கிறார்கள். தலையை மெஷினுக்குள் விட்டு மூளையைக் கலர் கலராகப் படம் எடுக்கிறார்கள். இரண்டையும் வைத்து இவனுக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும், இது ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, ‘வீட்டில் யாரோடு சண்டை’ என்று விசாரித்து நாங்கள் கண்டுபிடிப்பதைப் பஞ்சுக்குச்சி கண்டுபிடிக்கிறதாம்.

ரிசல்ட் சொல்கிற அன்று நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். விளக்கிச் சொல்ல ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். வாயைத் திறந்தாலும் மூடினாலும் முகத்தில் ஒரே சிரிப்பு. சிரிப்புக்காரி என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். சுவரளவு திரையில் மாப்பிள்ளையின் மூளையைப் போட்டுக் காட்டினாள்.

"இந்த நீலம் தெரியுதா சார்? இந்த இடத்துல செயல்பாடு கொஞ்சம் கம்மியா இருக்கு."

"ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி தூங்காதவனைப் படுக்க வெச்சா என்ன கலர்ம்மா வரும்?"

"அதுவும்... கொஞ்சம் நீலமா வரலாம் சார்."

"பசியோட வந்தவனுக்கு? பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்தவனுக்கு?"

அவள் சிரிப்பு லேசாகக் கோணியது. "ஸ்கேனை மட்டும் வெச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்ல சார், அது ஒரு துணைக்குத்தான்" என்று இறங்கி வந்தாள். அத்தோடு சாயம் வெளுத்துவிட்டது, கடையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே. போகவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மாத்திரைப் பெயர்கள். "ஆனா இது முக்கியம் சார். சிவப்புல இருக்கற இந்த மாத்திரையை இவரோட ஈரல் ரொம்ப மெதுவாத்தான் உடைக்கும். வெளியே போகாம ரத்தத்துலயே சேர்ந்துக்கிட்டு வரும். இதயத்துக்கு நல்லதில்ல" என்றாள்.

சிவப்புக் கட்டத்தில் முதல் பெயர் என் மாத்திரை. பாட்டிலில் பெயர் இல்லாவிட்டாலும், நான் அட்டை உரிப்பதைப் பார்த்து வளர்ந்த குட்டிக்கு அது தெரியும்.

படமே பம்மாத்து என்று இப்போதுதான் அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டிருக்கிறாள். அதே கடையில் அதே தட்டில் வைத்து நீட்டுகிற இன்னொரு காகிதம் மட்டும் எப்படி வேதவாக்காகும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். குட்டி திரையைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பார்த்தது, கணக்கில் தப்பு விட்ட பையனை டீச்சர் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வண்டியில் திரும்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"கலர் பார்த்து ஜோசியம் சொல்றாங்க, காசு கொடுத்துட்டு வர்றீங்க."

"இது ஜோசியம் இல்லப்பா. அளந்து சொல்றாங்க."

"எதை அளந்தாங்க? உன் புருஷனோட சோகத்தையா?"

"அவரோட ஈரலை" என்றாள். அப்புறம் மெதுவாக, "ஒரே ஒரு தடவை, தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்களேன்ப்பா. ஒண்ணும் குறைஞ்சுடாது" என்றாள்.

மாப்பிள்ளை பின்சீட்டிலிருந்து, "விடு குட்டி, மாமா நல்லதுக்குத்தானே கொடுத்தார்" என்றார். அவர் எனக்குப் பரிந்து பேசினதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

மையத்தில் பச்சைக் கட்டத்திலிருந்து ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிட்டார். கொஞ்ச நாளில் ஆள் தெளிந்துவிட்டார். நாக்கு ஒட்டவில்லை, கண்ணை இருட்டவில்லை, நாடியும் ஒழுங்காக ஓடுகிறதாம். குளத்தையும் அந்த நேரம் பார்த்துத் திறந்தார்கள். "அப்பா, இன்னிக்குப் பாட்டுப் பாடிக்கிட்டே குளிச்சார்ப்பா" என்று குட்டி போன் செய்தாள். மகள் சந்தோஷமாக இருந்தால் தகப்பனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் சொல்லாமல் சொன்னதும் என் காதில் விழுந்தது.

எனக்கு விஷயம் வெட்டவெளிச்சம். அவரைக் குணப்படுத்தியது மாத்திரை இல்லை, பச்சை நிறம். சிவப்பு என்று யாரும் சொல்வதற்கு முன்பே புகார் செய்தாரே என்று கேட்பீர்கள். செய்தார். என்னிடம் கொஞ்சம் பயம், மாமனார் கொடுத்த மருந்து என்கிற கூச்சம், அதுதான் காரணம். அப்புறம் கலரைப் பார்த்தார், அவ்வளவுதான், உடம்பு அதற்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. இதை வாயால் சொன்னால் குட்டி நம்ப மாட்டாள். அவளுக்கு எல்லாம் சோதனை செய்து காட்ட வேண்டும். சரி, சோதனையே செய்து காட்டுவோம் என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில் நான் எவ்வளவு நியாயமாக நடந்துகொண்டேன் என்பதைக் கவனியுங்கள். எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் சிவப்புக் கட்டத்து மாத்திரையைக் கொடுப்பது. பச்சை என்று நினைத்துக்கொண்டே அதைச் சாப்பிட்டு, உடம்பு ஒன்றும் சொல்லாமல் இருந்தால், ரிப்போர்ட் பொய். தெரியாமலே உடம்பு முறையிட்டால், ரிப்போர்ட் மெய், நானே அந்த மையத்துக்குப் போய்ச் சிரிப்புக்காரியிடம் மன்னிப்புக் கேட்பேன். அவர்கள் கடையில் இத்தனை நேர்மை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மறு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையில் பழுப்பு பாட்டில். "நான் கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசிட்டேன். இனிமே அந்தப் பச்சை மாத்திரையை நானே மொத்தமா வாங்கித் தரேன், எதுக்குக் கடைக்கு அலையணும்" என்றேன். குட்டி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நிஜமாவாப்பா?" என்று வந்து கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் அப்படி என்னைக் கட்டிக்கொண்டதில்லை. நானும் மனிதன்தானே, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டிலில் இருந்தது என் பழைய மாத்திரை. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், ஒரே பருமன். அட்டையைப் பார்க்காவிட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது. பச்சை மாத்திரையையும் ஒழுங்காக வாங்கத்தான் வாங்கினேன். உரிக்காமல் கிளினிக் மேசையின் கீழ் டிராயரில் கிடக்கிறது, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சங்கதி என்னைத் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பிடப் போவேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். நன்றாகச் சாப்பிட்டார், குளத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார். தண்ணீரைக் கண்டாலே அலறுகிற பிள்ளைகளுக்குப் பயம் தெளியவைக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தார். மார்பளவு தண்ணீரில் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவார், பிள்ளைகள் சுற்றி நின்று சத்தமாக எண்ண வேண்டும். பெரிய எண்ணுக்கு எண்ணப் பழக அவர்களுக்குப் பள்ளிக்கூடமே தேவைப்படவில்லை என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிவப்புக் கட்டத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மனிதர் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார் பார் என்று குட்டியிடம் சொல்ல நாக்கு துடித்தது. இன்னும் கொஞ்சம் பொறு என்று அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு, சாப்பிடும்போது நான்கைந்து தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வெயில் காலம், எல்லோருக்கும்தான் தாகம் எடுக்கிறது. குளத்துப் படியில் ஏறும்போது தலை சுற்றியதாகக் குட்டி சொன்னாள். காலையில் சரியாகச் சாப்பிடாமல் போகிறார், சுற்றாமல் என்ன செய்யும். நான் எதையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்த பிறகுதான் தள்ளினேன்.

அடுத்த வாரம் அவரே கிளினிக்குக்கு வந்தார், தனியாக. எதிரே உட்கார்ந்து, விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"குட்டிகிட்ட சொல்லாதீங்க மாமா, பயந்துடுவா. முன்னாடி அந்தப் பழைய மாத்திரை சாப்பிட்டப்ப இருந்துச்சே, அதே மாதிரியே இருக்கு. நாடி மறுபடியும் விட்டு விட்டு ஓடுது."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். "இது பச்சைல இருக்கறதுதானே மாப்பிள்ளை. உங்க ரிப்போர்ட் சொன்னதுதானே."

"அதான் மாமா எனக்கும் புரியல."

"பச்சை மாத்திரை அப்படிப் பண்ணாது. அப்ப வேற என்ன பண்ணுதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். வெகுளி மனிதர், உட்கார்ந்து நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "அப்ப எல்லாம் என் மனசுதான் போல. நீங்க முதல்லயே சொன்னீங்க. நாங்கதான் கேக்கல" என்றார்.

கீழே பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்றிருந்தது. அந்த வார்த்தையை நான் முழுசாகக் கேட்டேன். பல வருடங்களாக எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. இவர் ஒத்துக்கொண்டாயிற்று, இனி குட்டி ஒருத்திதான் பாக்கி. நிபந்தனை என்னவாயிற்று என்கிறீர்களா? உடம்பு முறையிட்டதே என்கிறீர்களா? முறையிட்டவரே அது மனசு என்று சொல்லிவிட்டாரே. ஆனாலும் அரைகுறையாக விட்டால் நாளைக்கு யாராவது நொட்டை சொல்வார்கள் என்று, அவர் கொண்டுவந்திருந்த பாட்டிலை வாங்கி இன்னும் கொஞ்சம் மாத்திரை போட்டேன். "இனிமே காலையிலயும் ஒண்ணு போட்டுக்குங்க. பச்சைதானே, என்ன பயம்" என்றேன்.

"நாடியை எண்ணலாமா மாமா?"

"எண்ணாதீங்க."

எண்ணவில்லை. சொன்னதைக் கேட்கிற மனிதர். குட்டியிடமும் எதுவும் சொல்லவில்லை, அது மனசுதானே, சொல்ல என்ன இருக்கிறது. தினமும் குளத்துக்குப் போனார்.

அன்றைக்குக் காலை நடந்தது என் கண்ணால் பார்த்ததில்லை. குளத்தில் டிக்கெட் கொடுக்கிறவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் வகுப்பு. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்த மனிதர், ஒரு பிள்ளைக்குக் கையைக் காட்டிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினார். பிள்ளைகளுக்கு வழக்கமான விளையாட்டு. எண்ண ஆரம்பித்தார்கள். நூறைத் தாண்டினதும் ஒரே குதூகலம், சார் இவ்வளவு நேரம் இருந்ததே இல்லையாம். கைதட்டிக்கொண்டே எண்ணினார்களாம். இன்றைக்கு என்ன சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று டிக்கெட்காரர் எழுந்து வந்து பார்த்தபோதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்களாம்.

இதயம் நின்றிருக்கிறது என்று உங்கள் டாக்டர்கள் சொல்கிறார்கள். எல்லோருக்கும் கடைசியில் இதயம்தான் நிற்கிறது.

சாவு வீட்டுக்குச் சிரிப்புக்காரி வந்தாள். வந்திருக்க வேண்டியதில்லை, ஆனாலும் வந்தாள். கேட்டுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிக்காவிட்டால் ரொம்பச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். குட்டி அவளைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினாள். "பச்சைன்னு சொன்னியே. ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னியே. நீ சொன்னதைத்தானே கொடுத்தேன்" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பெண் விலகவில்லை. நின்று வாங்கிக்கொண்டாள். உங்களிடம் புகார் கொடுத்ததும், அந்த மையத்துக்குப் பூட்டுப் போட வைத்ததும், அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்த வைத்ததும் என் மகள்தான். நான் தூண்டிவிடவில்லை. தடுக்கவும் இல்லை.

ஆட்கள் போனபிறகு குட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் சாய்வதுபோல் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க சொன்னதுதான் சரிப்பா. அந்த ரிப்போர்ட் எல்லாம் பொய். உங்க பேச்சைக் கேட்டிருந்தா அவர் இருந்திருப்பார்."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இதுதானம்மா நான் கேட்டது, இவ்வளவுதான், என்று வாய்வரை வந்தது. சாவு வீட்டில் அப்படிப் பேசுவது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்தேன். மருமகன் போன துக்கம் எனக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். துக்கமும் இருந்தது, அந்த வார்த்தையும் காதில் இருந்தது.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், ரத்தத்தில் அந்த மாத்திரை இருந்ததற்குக் காரணம் நான். பச்சை என்று சொல்லிச் சிவப்பைப் போட்டது நான். அளவைக் கூட்டினதும் நான். தெரிந்துதான் செய்தேன், நிதானமாகத்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

குட்டி வெளி அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாதாம். அந்த ரத்த ரிசல்ட்டை அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவள் படிக்கிற பெண். படித்தால் வலிக்கும். சொல்லாமல் விட்டால் அவள் பாட்டுக்குத் தேறிவிடுவாள், எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இது உங்கள் வேலை, நான் சொல்லிக்கொடுக்கக் கூடாது, ஆனாலும் நீங்கள் விட்டுவிடப் போகிறீர்கள் என்று தோன்றுவதால் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு மாத்திரை மாறியது தெரியாது என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அது எப்படி? தெரியாமல் இருந்திருந்தால் அவருக்கு நாக்கு ஒட்டியிருக்காது, நாடி விட்டுப்போயிருக்காது, ‘பழைய மாத்திரை மாதிரியே இருக்கு’ என்று என் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார். பாட்டிலில் இருந்தது என்னவென்று என் ஒருவனுக்குத்தான் தெரியும், நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்படியும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையைக் கொன்றது அந்த ஆள்தான், முதலில் அவரைக் கண்டுபிடியுங்கள்.